ராயகிரி ஜீப்புக்கு வந்த நடுக்கம்

ஜீப்பு ரிப்பேர்த் தொழிலில் மற்றக் கோளாறுகளைக் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம். ஸ்டியரிங் நடுக்கத்தை மட்டும் வண்டிக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அவரோ எப்போதும் பாதியைத்தான் சொல்லுவார்.

ஸ்டியரிங் ஆடுகிற வண்டியோடு மல்லுக்கட்டியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நாற்பது மைல் வேகம் வந்ததும் அது கையை உதறும். பயந்துபோய்க் காலை எடுத்தால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அடங்கிவிடும். பட்டறை வாசலுக்கு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், பத்தினி வேஷம்தான். ஆகவே என் பாடு உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

நயா பைசா வந்த புதிதில், தென்காசியில் குற்றாலம் ரோட்டில் நானும் தாவீதும் கூட்டாக ஒரு ஜீப்புப் பட்டறை வைத்திருந்தோம். யுத்தத்துக்கு வந்த ஜீப்புகளை ராணுவம் கழித்துவிட்டதும், டிஸ்போசல் ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்து நம் பக்கத்து எஸ்டேட்காரர்களும் மரக் காண்டிராக்டர்களும் நிலபுலன் உள்ளவர்களும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் வண்டி பர்மா வரைக்கும் போய் வந்தது என்று பெருமை பேசுவார்கள். அங்கே போய் எதைப் பார்த்துப் பயந்ததோ, எல்லாம் நடுங்கிக்கொண்டுதான் எங்களிடம் வந்து சேரும்.

தறியும் முட்டையும்

அவரவர் தொழிலை வைத்துத்தான் அவரவர் கோளாறைச் சொல்லுவார்கள். கடையநல்லூர் ஜவுளிக்காரர் ஒருவர், ஸ்டியரிங் தறியில் நாடா ஓடுகிற மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் போகிறது என்றார். அந்த ஒரு வார்த்தை போதும். முன்சக்கரம் இரண்டையும் பிணைக்கிற டை ராட் முனை தேய்ந்திருக்கிறது என்று வண்டியைத் தொடாமலே சொல்லிவிட்டேன். அப்படியே இருந்தது. அன்றைக்கு முழுவதும் தாவீதிடம் அதையே சொல்லிச் சொல்லி அவன் உயிரை வாங்கினேன்.

அந்தப் பெருமைக்கு மறு வாரமே ஆப்பு வைத்தார் செங்கோட்டை முட்டை வியாபாரி. வண்டி நடுங்கி முட்டை உடைகிறது என்று கொண்டுவந்தார். நான் புளியரை வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். தண்ணீர் மேல் தெப்பம் போகிற மாதிரி போயிற்று. கோளாறே இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் உடைந்த முட்டைக் கூடையோடு திரும்பி வந்தார். பின்னால் பாரம் ஏறினால் முன்பக்கம் லேசாகிவிடும், அப்போதுதான் இந்த ஆட்டம் வரும் என்பது எனக்குத் தெரியும்தான், ஆனால் காலி வண்டியை ஓட்டும்போது அது எவனுக்கு ஞாபகம் வருகிறது! முட்டை வியாபாரி கோபப்படவில்லை. கூடையை என் மேசைமேல் வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "நீங்க ஓட்டினா ஆடல, நான் முட்டை ஏத்துனா ஆடுது. அப்போ கோளாறு முட்டையிலயா அண்ணாச்சி?"

களிமண் வைத்தியம்

ராயகிரி வேலாயுதம் அண்ணாச்சி முதல் தடவை வந்தது கார்த்திகை மாசம். நல்ல தாட்டியான ஆள். நஞ்சையும் தோப்பும் உண்டு. அந்தச் சுற்று வட்டாரத்தில் ஜீப்பு வைத்திருந்தது அவர் ஒருவர்தான். நடவு சமயம், நாற்றுக்கட்டை ஏற்றிக்கொண்டு ஜீப்பை வயலுக்குள்ளேயே இறக்கியிருக்கிறார். அன்றையிலிருந்து ஸ்டியரிங் கையில் நிற்க மாட்டேன் என்கிறது என்றார்.

தாவீது சாப்பிடப் போயிருந்தான். நான் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டேன். சுற்றி முடித்து, ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடி, ஒரு குறிப்பிட்ட பக்கம் கீழே வந்து நின்றது. மறுபடி சுற்றினாலும் அதே பக்கம்தான் கீழே. சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்டேன். ரிம்மோடு ஒட்டிக் காய்ந்த வயல் களி, பெரிய கருப்பட்டி கனத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. ஒரு பக்கம் மட்டும் கனம் ஏறினால் சக்கரம் துள்ளும், அந்தத் துள்ளல்தான் ஸ்டியரிங்குக்கு வருகிறது என்று விளக்கினேன். வேலாயுதம் அண்ணாச்சி விட்டபாடில்லை. நடுவில் ஒட்டினால் ஆடுமா, ஓரத்தில் ஒட்டினால் அதிகமா, பின்சக்கரத்தில் ஒட்டினால் கைக்குத் தெரியுமா என்று துருவித் துருவிக் கேட்டார். தொழிலில் இவ்வளவு அக்கறையுள்ள ஒரு வாடிக்கைக்காரரைப் பார்த்ததே இல்லையே என்று நானும் உருகிப்போய், எங்கே எவ்வளவு ஒட்டினால் எத்தனை மைலில் ஆடும் என்பது வரைக்கும் பாடம் நடத்தினேன்.

சாப்பிட்டுவிட்டு வந்த தாவீது, தான் காலையில் பெருக்கிய தரையில் கிடந்த சேற்றைப் பார்த்துவிட்டு என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டான். இனி எந்த வண்டியாக இருந்தாலும் வெளியே கிணற்றடியில் நிறுத்தி, சக்கரம் முதற்கொண்டு அலசிய பிறகுதான் உள்ளே வரவேண்டும் என்று அன்றைக்கே சட்டம் போட்டான். அலசுகிற பொறுப்பையும் அவனே எடுத்துக்கொண்டான். எங்கள் சண்டை எதுவும் வேலாயுதம் அண்ணாச்சி காதில் விழவில்லை. பெயர்ந்த களிமண் கட்டியைக் கையில் எடுத்து எடை பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏ தம்பி, ஒரு ஜீப்பையே ஆட்டிப்புட இவ்வளவு மண்ணு போதுமா!"

பெண் பார்க்கப் போய் வண்டி பார்த்தேன்

அண்ணாச்சிக்கு என்னைப் பிடித்துவிட்டது. விசாரித்ததில் தூரத்து உறவு, முறையும் சரியாக வந்தது. அவருக்குச் செண்பகம் என்று ஒரே மகள். ஜாதகம் பொருந்தியது. தை பிறந்ததும் அம்மாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போனேன். சிவகிரியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அண்ணாச்சியே ஜீப்போடு காத்திருந்தார். அன்று காலையில்தான் அவர் மனைவி வழியில் யாரோ காதுகுத்துக்கு இரவல் வாங்கிப்போய்த் திருப்பி விட்டிருந்தார்களாம். ரோட்டில் கொஞ்சம் வேகம் பிடித்ததும் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. என் அம்மா முருகா முருகா என்றாள். அண்ணாச்சி, என்னமோ தெரியவில்லை, மறுபடியும் வந்துவிட்டது என்று வருத்தப்பட்டார்.

செண்பகம் காப்பி கொண்டுவந்து வைத்தபோது நான் செய்த காரியத்தை என் அக்கா இன்று வரைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். பெண்ணைப் பார்க்காமல், வாசல் வழியாக முற்றத்தில் நின்ற ஜீப்பின் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். செண்பகம் என் பார்வை போன இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் அப்பாவைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடியே உள்ளே ஓடிவிட்டாள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்தால் என்ன, அந்தச் சிரிப்பிலேயே நான் காலி. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று முடிவு பண்ணிவிட்டேன்.

ஆனால் முடிவு பண்ணுகிற ஆள் வேறு. செண்பகத்தின் அம்மா கோமதியம்மாள் என் விரல் நகத்தில் இருந்த கிரீஸ் கறையையே வெகுநேரம் பார்த்தார்கள். சிவகிரியில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளையும் கேட்டு வந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் என்னை உட்கார வைத்துக்கொண்டே என் அம்மாவிடம் சொன்னார்கள்: "உங்க மகன் கெட்டிக்காரர்னு இவுக சொல்லுதாவ. எங்க வண்டி ஆட்டத்த மொதல்ல நிறுத்தட்டும், பெறவு பேசுவோம்."

கிங் பின்னும் கெட்ட பெயரும்

இது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். மாசியில் ஜீப்பு வந்து சேர்ந்தது. தாவீது சட்டப்படி கிணற்றடியில் நிறுத்தி, சக்கரம், அச்சு எல்லாம் பளபளவென்று அலசி உள்ளே விட்டான். அறுவடை முடிந்து வயலெல்லாம் வெடித்துக் கிடக்கிற காலம், இதில் சேறு ஏது? ஆகவே கோளாறு உள்ளேதான் என்று முன் அச்சைப் பிரித்தேன். சக்கரம் திரும்புகிற மூட்டில் இருக்கிற கிங் பின் கொஞ்சம் தேய்ந்திருந்தது. யுத்த காலத்து வண்டியில் எதைப் பிரித்தாலும் கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கும். மாற்றிப் போட்டுக் கடையநல்லூர் வரைக்கும் விரட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கை ஒரு விரலால் பிடிக்கலாம், அவ்வளவு சுத்தம். கல்யாணக் களையோடு பட்டறைக்குத் திரும்பினேன்.

பத்து நாள்கூட ஆகவில்லை, ஆட்டம் வந்துவிட்டது என்று ராயகிரியிலிருந்து ஆள் வந்தது. பங்குனியில் மறுபடியும் வண்டி வந்தது. மறுபடியும் தாவீது அலசினான். இந்தத் தடவை டை ராட், ஸ்பிரிங் புஷ், ஸ்டியரிங் பெட்டி என்று ஒன்று விடாமல் பார்த்தேன். மறுபடியும் கடையநல்லூர், மறுபடியும் ஒரு விரல். கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். மறுபடியும் ஆட்டம். எனக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி கண்ணை மூடினால் கையில் ஸ்டியரிங் ஆடியது. தாவீது என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, வாத்தியாருக்கு நல்ல யோகம்தான் என்று வேறு சொல்லி வைத்தான்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கோமதியம்மாளே கூட வந்துவிட்டார்கள். அண்ணாச்சி ஓட்டிவர, பக்கத்தில் உட்கார்ந்து வழி முழுவதும் ஆட்டத்தை அனுபவித்திருக்கிறார்கள். ஆனியில் சாரல் விழுந்ததும் குடும்பத்தோடு குற்றாலம் போகப்போகிறோம், இந்த வண்டியில்தான் போகிறோம், அன்றைக்கு ஆடினால் சிவகிரிக்குச் சொல்லி அனுப்பிவிடுவேன் என்று கறாராகச் சொன்னார்கள். அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பி மேற்கு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் ஒரே ஒரு தடவை என்று இழுத்தேன். கோமதியம்மாள் பஸ் ஏறப் போகும்போது தாவீதிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்: "ஒரு வண்டி ஆடுதத நிறுத்தத் தெரியல. நாளைக்குத் தொட்டில்ல பிள்ளை அழுதா இவரு என்னத்த நிறுத்துவாரு?"

தாவீது கோயிலுக்குப் போன ஞாயிறு

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தாவீது வேதக் கோயிலுக்குப் போய்விட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. அலசவும் இல்லை, ஒன்றும் இல்லை. கிணற்றடியில் நின்ற வாக்கிலேயே வண்டியைத் தூக்கி இடது முன்சக்கரத்தைக் கழற்றி, வெயிலில் மல்லாத்திப் போட்டேன்.

உள்பக்கம் ரிம்மின் ஓரத்தில் ஒரு பெரிய களிமண் பத்தை. சித்திரை வெயிலில் களிமண்! அதுவும் தெறித்து ஒட்டிய மண் இல்லை. நெல் குதிருக்குப் பூசுகிற மண் எப்படி இருக்கும், வைக்கோல் நறுக்கிப் போட்டு மிதித்துக் குழைத்து, அப்படி இருந்தது. மேலே விரலால் இழுத்து வழித்த தடம் வேறு வரிவரியாகத் தெரிந்தது. நான் கார்த்திகையில் நடத்திய பாடத்தில் எந்த இடத்தைக் காட்டினேனோ, அணுவளவு பிசகாமல் அதே இடம். கிங் பின்னை மாற்றியபோதும், ஸ்டியரிங் பெட்டியைப் பிரித்தபோதும் வண்டியைக் குணப்படுத்தியது நான் இல்லை. கிணற்றடியில் தாவீது ஊற்றிய வாளித் தண்ணீர்.

மண்ணைத் தொடாமல் சக்கரத்தை மாட்டி, ஆடுகிற வண்டியை ஆடுகிறபடியே ராயகிரிக்கு ஓட்டினேன். அண்ணாச்சி தோப்புக் கிணற்றடியில் தனியாக இருந்தார். நல்லதாகப் போயிற்று. வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குள் கையை விட்டு, ஒரு பிடி மண்ணைப் பெயர்த்து அவர் முன்னால் வைத்தேன். மனுஷன் மறுக்கவில்லை. துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார். ஊரில் ஒரே ஒரு ஜீப்பு, அது தன்னிடம் இருக்கிறது. காதுகுத்து, வளைகாப்பு, கோயில் கொடை, ஒருத்தன் பாக்கியில்லாமல் கேட்கிறான். அதிலும் கோமதி வழி உறவு என்றால் அவளே முன்கூட்டி வாக்குக் கொடுத்துவிடுகிறாள். தன் வண்டியில் தான் ஏறி நாளாகிறது என்று புலம்பினார். கார்த்திகையில் வண்டி ஆடிய நாளெல்லாம் ஒருத்தனும் கேட்கவில்லையாம். நான் மண்ணைத் தட்டிவிட்டதும் மறுபடியும் வரிசை கட்டிவிட்டார்களாம். கோமதி இப்படிக் கல்யாணத்தைக் கொண்டுவந்து இதில் முடிச்சுப் போடுவாள் என்று தான் என்ன கனவா கண்டது என்றார். மண்ணை எடுத்தால் வண்டி போய்விடும், எடுக்காவிட்டால் நல்ல மாப்பிள்ளை போய்விடும், ரெண்டுக்கும் நடுவில் தூக்கம் போய்விட்டது என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று மாதமாக நான் பட்ட அவமானம் இந்த மனுஷனுடைய ஐந்து விரலில் இருந்து வந்திருக்கிறது. நேராக வீட்டுக்குப் போய்க் கோமதியம்மாளிடம் சொன்னால் என் மானம் திரும்பிவிடும். ஆனால் பெண்ணைக் கொடுக்க வேண்டியவரை அவர் பெண்டாட்டி முன்னால் தலைகுனிய வைத்துவிட்டு, எந்த முகத்தோடு பெண் கேட்பது? கேட்கிறவனிடம் இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே அண்ணாச்சி, அதற்கு ஒரு வண்டியைப் போட்டு வதைப்பார்களா என்று கத்தினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சொந்தக்காரன்ட்ட இல்லைன்னு சொல்ல எனக்கு நாக்கு வராது தம்பி. அதான் வண்டியச் சொல்ல வச்சேன்."

குற்றாலத்து எண்ணெய்

அந்த ஒரு வார்த்தையில் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை வைத்து ஒரு யோசனை சொன்னேன். மண்ணை எப்போதும் வைக்க வேண்டாம். யாராவது இரவல் கேட்டால், முந்தின நாள் சாயங்காலம் பூசிக் காயவிடுங்கள். வண்டி திரும்பி வந்ததும் வாய்க்காலில் இறக்கிக் கழுவிவிடுங்கள். வாங்கிப்போனவன் மறுதடவை கேட்க மாட்டான். வீட்டு ஆட்கள் ஏறும்போது ஆடவே ஆடாது. ஒரு நட்டைக்கூடத் தொடக்கூடாது, அது உயிரோடு விளையாட்டு, மண்ணோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று கிணற்றின் மேல் சத்தியம் வாங்கினேன். அண்ணாச்சி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

ஆனியில் சாரல் பிடித்ததும் குற்றாலம் புறப்பட்டார்கள். பரீட்சைக்காரன் என்று என்னையும் தென்காசியில் ஏற்றிக்கொண்டார்கள். கோமதியம்மாள் மடியில் முக்கால் சொம்பு தண்ணீர் வைத்திருந்தார்கள். ராயகிரியிலிருந்து நல்ல ரோடு வரும்போதெல்லாம் வேகம் போகச் சொல்லி அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். புடவையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பின்சீட்டில் செண்பகம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் கன்னம் சிரித்துக்கொண்டிருந்தது.

திரும்பும்போதுதான் வந்தது வினை. மேலகரத்தை நெருங்கும்போது வண்டி சாலையில் அங்கிட்டும் இங்கிட்டும் அலைந்தது. சொம்புத் தண்ணீர் பாதி கோமதியம்மாள் மடியில். நிறுத்துங்கள் என்று அவர்கள் ஒரு அதட்டல் போட்டார்கள். இறங்கி ஓடி முன்சக்கரத்துக்குள் கையை விட்டேன். மண் இல்லை. அண்ணாச்சியை முறைத்தேன். நானில்லை நானில்லை என்று அவர் கண்ணாலேயே கெஞ்சினார். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்க்கலாம் என்று கையை வைத்தேன், வழுக்கிக்கொண்டு போயிற்று. மனுஷன் அருவிக்கரையில் காசு கொடுத்து உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, பெயருக்கு அருவியில் தலையைக் காட்டிவிட்டு, ஒட்டின எண்ணெயோடு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார்!

கோமதியம்மாள் இறங்கினார்கள். மிச்சமிருந்த சீயக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்து, சொம்பில் மீந்த தண்ணீரில் குழைத்து, முதலில் ஸ்டியரிங்கைத் தேய்த்தார்கள், பிறகு புருஷனின் இரண்டு கையையும் தேய்த்தார்கள். மறுபடி புறப்பட்டதும் வண்டி நூல் பிடித்த மாதிரி போயிற்று. பட்டறை வாசலில் நான் இறங்கும்போது கோமதியம்மாள் சொன்னார்கள்: "வண்டியில ஒரு குத்தமும் இல்ல. குத்தமெல்லாம் ஓட்டுத ஆளுட்டதான். ஆவணியில நாள் பாத்துருவோமா மாப்பிள்ள?"

மாப்பிள்ளைக்கு வண்டி

ஆவணியில் கல்யாணம் நடந்தது. தாவீது முன்வரிசையில் உட்கார்ந்து, தான் ஊற்றிய தண்ணீர்தான் இந்தக் கல்யாணத்துக்கு அஸ்திவாரம் என்று பக்கத்து ஆளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். ஊரில் ஜீப்பை இரவல் கேட்பதும் ஏறக்குறைய நின்றுவிட்டது. இப்போது எனக்கு மாமாவாகிவிட்ட அண்ணாச்சியின் முகத்தில் ஒரு தேஜஸ்.

மறுவீட்டுக்கு ராயகிரி போயிருந்தபோது, சாரல் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, செண்பகத்தைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் குற்றாலம் போய்விட்டு வருகிறேன், ஜீப்பைத் தாருங்கள் என்று மாமாவிடம் கேட்டேன். அதற்கென்ன மாப்பிள்ளை, உங்கள் வண்டி மாதிரி என்று வாய் நிறையச் சொன்னார். மறுநாள் காலையில் சாவியைக் கொடுக்கும்போது ஏனோ என் முகத்தைப் பார்க்கவில்லை. புது மாப்பிள்ளைக்கு மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

கடையநல்லூர் தாண்டி நல்ல ரோடு வந்தது. புதுப் பெண்டாட்டி பக்கத்தில் இருக்கிறாள், தொழிலைக் கொஞ்சம் காட்டுவோம் என்று மிதித்தேன். நாற்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடியது. என் புது வேட்டி, செண்பகத்தின் தலைப் பூ எல்லாம் சேர்ந்து ஆடியது. வண்டியை ஓரம் கட்டினேன். ஸ்பானரும் கொண்டுவரவில்லை, எந்த புஷ் போயிற்றோ, எந்த பெயரிங் போயிற்றோ என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். அத்தனை மாதம் அந்த வண்டியோடு மாரடித்தும் எனக்கு மட்டும் அது தோன்றவே இல்லை.

செண்பகம் அன்றைக்கு மாதிரியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் சொன்னாள்: "நேத்துச் சாயங்காலம் அப்பா தொழுவத்துல உக்காந்து மண்ணு கொழைச்சிட்டு இருந்தாவ. நீங்களும் இப்போ சொந்தக்காரருதாம்லா, இல்லைன்னு எப்படிச் சொல்லுவாவ?"

தென்காசிச் சுற்று வட்டாரத்தில் எத்தனையோ ஜீப்புகளின் நடுக்கத்தைத் தீர்த்தவன் என்று எனக்குப் பெயர் உண்டு. ஆனால் என் மாமனார் ஜீப்பை மட்டும், இரவல் வாங்கிய ஒவ்வொரு தடவையும், ராயகிரி எல்லையில் வாய்க்காலில் இறக்கிக் கழுவிய பிறகுதான் ஓட்டியிருக்கிறேன்.